பலன் எதனால் வந்தது? – உழவர் கேள்வி பதில்

தெளிப்பு, தீவனம், எலிப்பொறி, பசுந்தாள் உரம் என்று பொருள் வெவ்வேறாக இருந்தாலும், இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன. செலவிட்ட பணத்துக்கும் உழைப்புக்கும் உண்மையிலேயே பலன் கிடைத்ததா என்பதை விவசாயி தாமாகவே எப்படி உறுதிசெய்துகொள்வது என்பதே அந்த ஐயம். அவற்றுள் சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, எனக்கு இரண்டரை ஏக்கர் நன்செய் உள்ளது. சென்ற சம்பாவில் முதன்முறையாகப் பஞ்சகவ்யா மூன்று முறை தெளித்தேன். முந்தைய சம்பாவைவிட ஏக்கருக்கு மூன்று மூட்டை கூடுதலாகக் கிடைத்தது. இது பஞ்சகவ்யாவின் பலன்தான் என்கிறேன் நான்; என் மகன் ஒப்புக்கொள்ள மறுக்கிறான். யார் சொல்வது சரி?
– மன்னார்குடி வட்ட வாசகர்

பதில்: மூன்று மூட்டை கூடியது உண்மை, அதில் உங்கள் மகனுக்கும் ஐயம் இருக்காது. அது எதனால் கூடியது என்பதில்தான் அவர் உங்களோடு முரண்படுகிறார், அந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு சம்பாக்களுக்கு இடையே உங்கள் வயலில் மாறியது பஞ்சகவ்யா மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் வந்த நாள், நட்ட நாற்றின் வயது, பயிர் பூக்கும் தருணத்தில் மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது, புகையான் பூச்சியின் தாக்குதல், அறுவடை நேரத்தில் பயிர் சாய்ந்ததா நின்றதா என்பது ஆகிய ஒவ்வொன்றும் தனியாகவே மூன்று மூட்டையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவை. முதலில் ஒன்று செய்யுங்கள். அதே ரகத்தை நட்டு, பஞ்சகவ்யா தெளிக்காத பக்கத்து வயல்காரரிடம் அவருடைய இரண்டு ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். அவருக்கும் மூன்று மூட்டை கூடியிருந்தால் அந்தப் பெருமை பருவத்துக்குத்தான் போய்ச் சேரும்.

பக்கத்து வயலோடு ஒப்பிடுவதும் முழுத் தீர்ப்பாகாது, ஏனெனில் அவருடைய மண் வேறு, கைப்பக்குவம் வேறு. உறுதியான விடை வேண்டுமென்றால், உங்கள் வயலுக்குள்ளேயே, அதே பருவத்தில், தெளிக்காத பகுதி ஒன்றை விட்டுவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட் ஆகிய இருவரும் 1843-ல் கோதுமையில் தொடங்கிய உரச் சோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. அதில் ஒரு பட்டைக்கு அன்று முதல் இன்றுவரை எருவோ உரமோ எதுவும் இடப்படுவதில்லை. மற்ற பட்டைகளில் இட்ட உரம் எவ்வளவு கொடுத்தது என்பதை அந்த வெறும் பட்டைதான் சொல்கிறது. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கப்பட்ட நிரந்தர உரச் சோதனையும் அதே வழியைப் பின்பற்றியதுதான்.

உங்கள் வயலில் இதை எப்படிச் செய்வது? தண்ணீர் நுழையும் மடையருகே ஒரு விதமாகவும் வடியும் கோடியில் வேறு விதமாகவும் பயிர் வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே தலைப்பில் பாதி, கடைசியில் பாதி என்று வயலைக் குறுக்கே பிரித்தால் பஞ்சகவ்யாவின் பலனும் மடையின் பலனும் கலந்துவிடும்; மடையிலிருந்து வடிகால்வரை நீளவாட்டில் ஓடும் பட்டைகளாகப் பிரிப்பதே முறை. பக்கத்தில் பக்கமாக இரண்டிரண்டு பட்டைகளைச் சோடி சேர்த்து, அப்படி நான்கு சோடிகளை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோடியிலும் எந்தப் பட்டைக்குப் பஞ்சகவ்யா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். காசைச் சுண்டிப் போட்டு, அது விழுவதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். இது விளையாட்டல்ல. நம்பிக்கையோடு வாங்கிய மருந்தை நல்ல மண்ணுக்கு ஊற்ற நம் கை தானாகவே போகும். 1919-ல் ராதாம்ஸ்டெட்டில் பணியில் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், வயல் சோதனைகளில் எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு இத்தகைய சாய்வுதான் காரணம். இன்று உலகெங்கும் பயிர்ச் சோதனைகள் அந்த விதியின்படியே நடக்கின்றன.

தெளிக்காத பட்டைக்கு, அதே நாளில், அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். இல்லையென்றால் ஈரத்தின் பலனும் பஞ்சகவ்யாவின் கணக்கில் ஏறிவிடும். யூரியா, களையெடுப்பு, பூச்சிமருந்து எல்லாம் எட்டுப் பட்டைகளுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இலைவழித் தெளிப்புக்குத் தனி வரப்பு தேவையில்லை, காற்றில் சாரல் படும் ஓரிரு வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் போதும். மண்ணில் இடும் உரத்தைச் சோதிப்பதானால் இடையே வரப்புப் போட்டே ஆக வேண்டும், ஏனெனில் தேங்கிய தண்ணீர் உரத்தைப் பக்கத்துப் பட்டைக்குக் கடத்திவிடும்.

அறுவடையில் நான்கு சோடிகளிலும் பஞ்சகவ்யாப் பட்டையே அதிகம் கொடுத்திருந்தால், உங்கள் பக்கம் ஓரளவு வலுவடைகிறது. பஞ்சகவ்யாவுக்கு எந்தப் பலனும் இல்லாதபோதும், வெறும் தற்செயலால் நான்கிலும் அதுவே வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான். இரண்டு சோடியில் கூடி இரண்டில் குறைந்திருந்தால் மகன் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பருவம் இப்படிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: பட்டைகளின் விளைச்சலைத் தனித்தனியே எப்படி அளப்பது? எங்கள் ஊரில் இயந்திரம்தான் அறுக்கிறது. மூட்டைக் கணக்குதான் எங்களுக்குத் தெரியும்.
– சீர்காழிப் பகுதி வாசகர்

பதில்: மூட்டைக் கணக்கை நம்பி ஒப்பிடக் கூடாது. ஓர் ஊரில் 60 கிலோ, மற்றோர் ஊரில் 75 கிலோ, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ என்று மூட்டையின் எடையே நிலையாக இல்லை. இயந்திரத்தின் தொட்டியில் முந்தைய வயலின் நெல்லும் தங்கியிருக்கும். இயந்திரம் இறங்குவதற்கு முன்பே, சோதனைக்குரிய பகுதியை மட்டும் கையால் அறுத்து எடை போட்டுவிடுங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்காக அலுவலர்கள் ஊருக்கு வந்து செய்யும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்த்திருப்பீர்கள்; நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் பீகார்–ஒரிசாவில் ஹப்பக் என்ற ஆட்சிப்பணி அலுவலர், தற்செயலாகத் தெரிந்தெடுத்த சிறு துண்டுகளை அறுத்து நெல் விளைச்சலை மதிப்பிட்டார். பின்னர் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்கத்தில் சிறிய வட்டத் துண்டுகளை அறுத்துப் பெரும் ஆய்வுகளை நடத்தினார். துண்டு சிறிதானால் ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துவிடும் பிழை பெரிதாகி விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று புள்ளியியலாளர்களான சுகாத்மேயும் பான்சேயும் வாதிட்டு, பெரிய துண்டுகளை வலியுறுத்தினார்கள்.

ஓரப் பிழை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் 5 மீட்டரில் 25 வரிசைகள் அடங்கும். கயிற்றின் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு வரிசையைத் தவறுதலாகச் சேர்த்து அறுத்தால் 4 சதவீதம் கூடிவிடும். ஏக்கருக்கு 2,400 கிலோ விளையும் வயலில் அது 96 கிலோ. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பலனே அந்த அளவில்தான் இருக்கக்கூடும்! ஆகவே கயிற்றை இழுத்துக் கட்டி, கயிறு எந்தத் தூரின் மேல் விழுகிறதோ அதன் அடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, எல்லாச் சதுரங்களிலும் ஒரே விதியைக் கடைப்பிடியுங்கள்.

சதுரத்தை எங்கே போடுவது என்பதையும் கண்ணுக்கு விடக் கூடாது, கண் செழிப்பான இடத்தைத்தான் தேடும். சட்டைப்பையில் உள்ள ரூபாய் நோட்டு ஒன்றின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். பட்டையின் தலைப்பிலிருந்து அத்தனை காலடி நடந்து, அங்கிருந்து சதுரத்தைத் தொடங்குங்கள். பட்டை அதற்குள் முடிந்துவிட்டால் அடுத்த நோட்டை எடுங்கள். வரப்போர வரிசைகளுக்கு வெளிச்சமும் உரமும் அதிகம் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

25 சதுர மீட்டரில் கிடைத்த எடையை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும். அதற்கு முன் பதரைத் தூற்றி நீக்கி, ஈரப்பதத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பட்டையில் 15 கிலோ, மற்றதில் 14.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஈரப்பதம் 24 சதவீதம், இரண்டாவதில் 19 சதவீதம். எடையை நூற்றிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரப்பதத்துக்குரிய எடை கிடைக்கும். அப்படிச் செய்தால் முதலாவது 13.26 கிலோவாகவும் இரண்டாவது 13.66 கிலோவாகவும் மாறுகின்றன. கனமாகத் தெரிந்த நெல்லில் கூடுதலாக இருந்தது தண்ணீர்தான். ஈரப்பதமானி கைவசம் இல்லையென்றால் எல்லா மாதிரிகளையும் ஒரே களத்தில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, ஒரே நாளில் நிறுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய உரம் போட்ட பத்தே நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டியது. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: பச்சை கட்டியது தழைச்சத்து (நைட்ரஜன்) பயிருக்குள் சென்றதற்குச் சான்று, நெல் கூடுதலாக விளையும் என்பதற்குச் சான்றல்ல. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் பயிர் அடர்ந்து சாயும், இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் தேடி வரும். அந்த உரத்தில் தழைச்சத்துக் கலந்திருந்தால், ஒரு கை யூரியா போட்டாலும் இதே பச்சை வந்திருக்கும்.

பச்சையை அளவுகோலாகக் கொள்ள விரும்பினால் அதற்கென்றே இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாள் முதல் வாரத்துக்கு ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், முழுதாக விரிந்த மேல் இலைகளில் பத்தைத் தெரிந்தெடுத்து, உங்கள் உடல் நிழலில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். அட்டையில் எண்ணிட்டுள்ள பச்சை நிறங்களில் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகளாவது அந்த எல்லைக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து இட வேண்டும். கருகருவென்று இருக்கும் பயிருக்கு அட்டை தரும் செய்தி, இப்போது யூரியா வேண்டாம் என்பதே.

கேள்வி: கன்று ஈன்ற மூன்றாம் மாதத்திலிருந்து எங்கள் கலப்பினப் பசுவுக்குத் தாது உப்புக் கலவை கொடுத்து வருகிறேன். அப்போது நாளொன்றுக்கு 11 லிட்டர் கறந்தது. இப்போது ஐந்தாம் மாதத்தில் 9.5 லிட்டருக்கு இறங்கிவிட்டது. கலவையை நிறுத்திவிடலாமா?
– நாமக்கல் மாவட்ட வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை எட்டி, அதன்பின் மாதந்தோறும் இறங்குவது பசுவின் இயல்பு. நீங்கள் கலவை கொடுக்கத் தொடங்கியதே இறங்குமுகத்தில்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் 9 லிட்டருக்கு இறங்கியிருக்குமா, 9.5-லேயே நின்றிருக்குமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்கு முந்தைய ஈற்றில் இதே ஐந்தாம் மாதத்தில் எவ்வளவு கறந்தது என்ற குறிப்பு வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுபவராக இருந்தால், வீட்டுக்கு எடுத்துவைத்ததையும் கன்று குடித்ததையும் சேர்த்துக்கொண்டு, சங்கத்து அட்டையைப் பார்த்து ஓரளவு மதிப்பிடலாம்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு, அதில் சிக்குபவர்கள்தான் அதிகம். பசு ஒருநாள் வழக்கத்தைவிட மிகக் குறைவாகக் கறக்கும்போதுதான் கடையில் சத்து மருந்து வாங்கி ஊற்றுகிறோம். வெயிலாலோ, ஆள் மாறியதாலோ குறைந்த பால் மூன்று நாளில் தானே பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். திரும்பியதும் மருந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மோசமான நாளில் தொடங்கும் எந்த வைத்தியமும் வெற்றி பெற்றதாகவே தோன்றும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் பாலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், காலை மாலை இரு வேளைப் பாலையும் நுரையோடு படியில் அளக்காமல் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள்.

மேலும், தாது உப்புக் கலவையின் பலனைப் பால் படியில் மட்டும் தேடுவது முறையல்ல. ஈன்றபின் எத்தனை நாளில் பசு சினைப்பருவத்துக்கு வந்தது, எத்தனையாவது ஊசியில் சினை பிடித்தது என்பவற்றில்தான் அது பெரும்பாலும் வெளிப்படும். ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதிகள், சினை உறுதியான தேதி ஆகியவற்றைத் தொழுவத்து நாள்காட்டியிலேயே எழுதி வைத்தால், இரண்டு ஈற்றுகளை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.

கேள்வி: கிட்டி (எலிப்பொறி) வைத்து இந்தப் பருவத்தில் சென்ற பருவத்தைவிட இரண்டு மடங்கு எலிகளைப் பிடித்திருக்கிறோம். எலி ஒழிப்பு வெற்றிதானே?
– கும்பகோணம் வட்ட வாசகர்

பதில்: எலி பெருகியிருந்தாலும் இரண்டு மடங்கு சிக்கும். பிடித்தவற்றை எண்ணுவதைவிட, மிச்சம் இருப்பவற்றை மதிப்பிடுவதே பயனுள்ளது. மாலையில் வரப்புகளில் உள்ள எல்லா வளைகளையும் மண் போட்டு மூடிவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை வளைகள் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். திறந்தவையே எலி குடியிருக்கும் வளைகள். கிட்டி வைப்பதற்கு முன்பு ஒரு முறையும், வைத்து முடித்த பின்பு ஒரு முறையும் இப்படி எண்ண வேண்டும். நாற்பது பத்தாகக் குறைந்திருந்தால் நல்ல வேலை நடந்திருக்கிறது. நாற்பது நாற்பதாகவே இருந்தால், பக்கத்து வயல் எலிகள் குடியேறிக்கொண்டிருக்கின்றன என்று கொண்டு, பக்கத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் கிட்டி வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறேன். முன்பு 0.48 சதவீதமாக இருந்த அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிய பொருளின் அளவைக் காட்டுவது), இப்போதைய மண் பரிசோதனையில் 0.46 என்று வந்துள்ளது. உழைப்பு வீண்தானா?
– கடலூர் மாவட்ட வாசகர்

பதில்: அந்த இரண்டு எண்களும் வேறுவேறு என்றே சொல்ல முடியாது. மாதிரி எடுத்த இடம், பருவம், ஆழம், ஆய்வகம் ஆகியவற்றில் எது மாறியிருந்தாலும் இவ்வளவு வேறுபாடு வரும். அடுத்த முறை அறுவடை முடிந்த அதே கட்டத்தில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில், வரப்போரமும் எருக்குழியும் மர நிழலும் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோவாகக் குறையுங்கள். அப்படிக் குறைத்த மண்ணை இரண்டு பைகளில் போட்டு, இரண்டு வெவ்வேறு வயல் பெயர் எழுதி அனுப்புங்கள். ஒரே மண்ணுக்கு வந்த இரண்டு முடிவுகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ, அதைவிடச் சிறிய எந்த ஏற்றத்தாழ்வையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. இதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், ஆய்வகங்களே தம் தரத்தைச் சோதிக்க இப்படி மறைமாதிரிகளைப் பயன்படுத்துவது உண்டு.

நம் வெப்ப நிலத்தில் கரிமம் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு ஆண்டு அதற்குப் போதாது. பசுந்தாள் உரத்தின் உடனடிப் பலன் தழைச்சத்தில்தான் தெரியும். தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் வரப்புப் போட்டு ஒரு பகுதிக்கு வழக்கமான யூரியாவும், மற்றொரு பகுதிக்கு அதில் முக்கால் பங்கும் இட்டு, விளைச்சலை மேலே சொன்னபடி நிறுத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால் கால் பங்கு யூரியாவை இனி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: உங்கள் பத்தியில் முன்பு எழுதியபடி பட்டை விட்டு இரண்டு பருவம் பார்த்தேன். நுண்ணூட்டக் கலவை தெளித்த பட்டைகள் எல்லாமே கூடுதலாகத்தான் கொடுத்தன. ஆனால் ஏக்கருக்குச் சராசரியாக 40 கிலோதான். தொடரலாமா?
– பட்டுக்கோட்டை வட்ட வாசகர்

பதில்: பலன் இருப்பது தெரிந்துவிட்டது, அது போதுமானதா என்பதைப் பணக்கணக்குதான் சொல்ல வேண்டும். நெல் கிலோ 23 ரூபாய் என்று கொண்டால் 40 கிலோவுக்கு 920 ரூபாய். கலவையின் விலை, இரண்டு தெளிப்புக்கான ஆள்கூலி, தெளிப்பான் வாடகை ஆகியவற்றைக் கூட்டுங்கள். நீங்களே தெளித்தாலும் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் அந்த நாளில் வேறு வேலைக்குச் சென்றிருப்பீர்கள். அந்தத் தொகை 920 ரூபாயைத் தாண்டினால், பலன் தரும் பொருளாக இருந்தும் அது உங்களுக்கு நட்டமே.

முடிவாகக் கைவிடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். சராசரி 40 கிலோ என்றாலும், சோடிக்குச் சோடி அது எப்படி இருந்தது? துத்தநாகக் குறைபாடு உள்ள ஒரு மூலையில் 150 கிலோவும் மற்ற இடங்களில் பெயரளவுக்கு மட்டுமே கூடியிருக்கலாம். அப்படியானால் அந்த மூலையின் மண்ணைத் தனியே பரிசோதித்து, நடவுக்கு முன் அங்கே மட்டும் துத்தநாக சல்பேட் இட்டு, தெளிப்பை நிறுத்திவிடலாம். எல்லாச் சோடியிலும் ஒரே சீராக 30, 40, 50 கிலோ என்று இருந்தால் அடுத்த பருவத்தில் கலவையை வாங்க வேண்டாம்.